என் ரத்தத்துக்கு வந்த ஆடிட்

கண்ணுகளா, உங்கள் அப்பன் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன கதையை திருப்பூர் வீரபாண்டியில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நீங்கள் இருவரும் அப்போது சிரித்தீர்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் தைராய்டும் சர்க்கரையும் குடும்பத்தில் இறங்கி வரக்கூடியவை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளைக்கு உங்களில் ஒருவருக்கு வெயிலில் குளிர் எடுத்தால், அப்பனுக்கு என்ன நடந்தது என்று அடுத்தவர் சொல்லிக் கேட்க வேண்டாம். நானே எழுதிவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு இன்சார்ஜ் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று நீங்கள் கேட்டதே இல்லை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு நீள டேபிள், முப்பது பெண்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது என் கண்ணுக்குத் தப்பக்கூடாது. இருபத்திரண்டு வருஷம் தப்பவில்லை.

அந்த வருஷம் தப்ப ஆரம்பித்தது. முகம் வீங்கியது. குரல் கட்டிப்போய், போனில் நான் பேசினால் தண்ணீர் லாரிக்காரர் என்று நினைத்து உங்கள் மாமனே "ரெண்டு லோடு வேணுமுங்க" என்றார். ஊரெல்லாம் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடும்போது எனக்கு மட்டும் குளிர். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். மத்தியானம் ஆனால் தூக்கம். அதுவும் சாதாரணத் தூக்கம் இல்லை. பீஸைக் கையில் விரித்துப் பிடித்தபடி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். செக்கிங் பெண்கள் நான் ரொம்ப ஆழமாகப் பார்க்கிறேன் என்று நினைத்து முதலில் பயந்தார்களாம். பிறகு குறட்டை கேட்டதாம்.

அப்படி ஆழமாகப் பார்த்த ஒரு நாளில், அக்குளில் விரல் போகிற ஓட்டையோடு ஒரு பெட்டி நிறையப் பீஸ் பாஸாகிப் போய்விட்டது. முதலாளி கூப்பிட்டார். அவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். மரியாதையாகப் பேசினால்தான் ஆபத்து.

"வாங்க, உக்காருங்க. ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கொஞ்சம் அசதிங்க."

"அசதின்னா ஊட்டுல தூங்கோணுமுங்க. நீங்க பீஸ் மேலயே தூங்கறீங்களாமா."

நான் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"மூணு மாசம் பாக்கறனுங்க. நல்ல டாக்டரப் பாருங்க. ரிப்போர்ட்ட எடுத்துட்டு எங்கிட்ட வாங்க. அப்பவும் இப்படியேன்னா மேல ஸ்டோர்ல ஒரு சேர் போட்டுத் தர்றன். உக்காந்துட்டே வேல பாக்கலாம். உங்க நல்லதுக்குத்தானுங்க."

ஸ்டோர் என்றால் இரண்டாவது மாடியில் பட்டன், லேபிள், நூல்கண்டு, பாலிதீன் கவர் எல்லாம் அடுக்கி வைக்கும் அறை. மரியாதையாக அங்கே அனுப்பப்பட்டவர் யாரும் திரும்பிக் கீழே வந்ததாக எனக்கு நினைவில்லை. கொஞ்ச நாளில் அவரும் ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடுவார். யாரும் வந்து கேட்டால்தான் அசைவார். அந்தச் சேர் எனக்கு வேண்டாம். அந்த மூன்று மாதமும் என் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

உங்கள் அம்மா முதலில் லேப்பில் என்னை ரத்தம் கொடுக்கவைத்து, ஒருநாள் லீவு போட்டுவிட்டு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். பெண் டாக்டர், எங்கள் வயதுதான் இருக்கும். ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி இடுப்பளவு எடுக்க டேப்பை எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. டேப் பிடிப்பதில் எனக்குப் பாடம் சொல்ல டாக்டரா? மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

"நூத்தி ரெண்டு சென்டிமீட்டர்," என்றார்.

"மேடம், எலாஸ்டிக் இடுப்புக்கு ரெண்டு அளவு உண்டுங்க. இழுத்துப் புடிச்சு ஒண்ணு, இழுக்காம ஒண்ணு. நீங்க எடுத்தது எதுங்க?"

"நீங்கதான் இழுத்துப் புடிச்சுட்டு நிக்கறீங்க. மூச்ச விடுங்க." விட்டேன். "நூத்தி அஞ்சு."

"அது வந்துங்க, அளவு எடுக்கறப்ப துணிய டேபிள் மேல போட்டு..."

"நூத்தி ஆறு."

"பேசப் பேசக் கூடுதுங்க மேடம்," என்றாள் உங்கள் அம்மா. "மொதல்ல அந்த வாய மூடச் சொல்லுங்க."

"டாலரன்ஸ் எவ்வளவுங்க?" என்று கடைசியாக ஒன்று கேட்டேன். எங்கள் வேலையில் சொன்ன அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் விட்டுவிடுவோம். அதைத்தான் டாலரன்ஸ் என்போம்.

"ஆம்பளைக்குத் தொண்ணூறு. அதுக்கு மேல டாலரன்ஸ் ஒண்ணுங் கெடையாதுங்க."

பிறகு ரிப்போர்ட்டை விரித்து விளக்கினார். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்தத்தில் கூடக்கூடாத ஒரு கொழுப்பு, குறையக்கூடாத இன்னொரு கொழுப்பு என்று ஐந்து விஷயம் பார்ப்பார்களாம். இந்த ஐந்தில் மூன்று தவறினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் ஒரு மாதிரி. கூட்டுச் சேர்ந்து வந்தால் இதயத்துக்கும் ஆகாது, சர்க்கரை நோயையும் கூட்டிக்கொண்டு வரும். எனக்கு ஐந்தில் நாலு.

"ஸ்கூல்ல வாங்காத மார்க்குங்க," என்றாள் உங்கள் அம்மா.

அதற்கு மேல் ஒன்று இருந்தது. டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு. எனக்குப் பதினெட்டு. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டுமாம்.

"அப்ப தைராய்டு எச்சா வேல செய்யுதுங்களா?" என்று கேட்டேன். எண் பெரிதாக இருந்தால் வேலை பெரிதாக நடக்கிறது என்றுதானே எவனும் நினைப்பான்.

"இல்லீங்க, தூங்குது. கம்பெனியில சூப்பர்வைசர் தூங்குனா மேனேஜர் என்ன பண்ணுவாரு?"

"கத்துவாருங்க."

"அதேதான். கழுத்துல இருக்கற தைராய்டு உங்க சூப்பர்வைசர். அது தூங்கறதால மூளைக்குக் கீழ இருக்கற மேனேஜர் கத்தறாரு. இந்தப் பதினெட்டுங்கறது அவரு போடற சத்தம்."

சூப்பர்வைசர் தூங்கினால் லைன் மொத்தமும் மந்தமாகிவிடும், டேபிளுக்கு டேபிள் சரக்கு தேங்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பிலும் அதேதான். தைராய்டு மந்தமானால் தின்றதை உடம்பு மெதுவாகச் செலவழிக்கிறது. கொழுப்பு ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறுவதில்லை. எடை ஏறுகிறது, சர்க்கரையும் அழுத்தமும் தலையைத் தூக்குகின்றன. குளிர், தூக்கம், தண்ணீர் லாரிக்காரர் குரல் எல்லாம் அதன் வேலைதான்.

"அதுக்காக எல்லாத்தையுமே தைராய்டு தலையில கட்டீறாதீங்க," என்றும் டாக்டர் சொன்னார். "தைராய்டு நல்லா இருக்கறவங்களுக்கும் தொப்பை வரும். உங்களோடதுல அதுக்கு ஒரு பங்கு. மிச்சம் பங்கு உங்க வாய்க்கு."

எனக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. கிளினிக் வாசலில் இறங்கும்போதே நான் குற்றமற்றவன். அன்று வீட்டில் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அப்பன் தின்னு வளத்தலடா இத. சுரப்பி," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். நோம்பிப் பண்டிகைக்குத் தின்ற எட்டு ஒப்புட்டுப் போளி சுரப்பி. அரிசிம்பருப்பு சோற்றுக்கு மேல் ஊற்றிய நெய் சுரப்பி. மூன்று மாதமாக மாடிப்படி ஏறாததும் சுரப்பி.

"டீக்கடையில வாங்கித் தின்ன போண்டா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"சோர்வுல தின்னது. சோர்வு எதனால?"

"செரிங்க. சுரப்பிதானுங்க. அந்தச் சுரப்பி பேர்லயே நாளையில இருந்து களியும் கீரையும் ஆக்கறன்."

டாக்டர் சொன்னது லேசான விஷயம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. அதன் பிறகு ஒரு மணி நேரம் டீயோ வேறெதுவுமோ கூடாது. தினமும் நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. சரியாகவில்லை என்றால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் தனித்தனி மாத்திரை. வரவேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தேதிதான் என்னைக் கெடுத்தது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனிக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆடிட் வரும். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி, தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, குடிதண்ணீர் சுத்தமா, கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தேதி தெரிந்தால் பதினைந்து நாள் போதும். நடைபாதையில் மஞ்சள் கோடு அடித்து, பெட்டியில் பஞ்சு நிரப்பி, சோப்பு வைத்து, வாசலில் பூச்செடி வைத்து, எல்லாவற்றையும் தயார் செய்கிறவன் நான்தான். ஒரு ஆடிட்டிலும் கம்பெனி தோற்றதில்லை. ஆடிட் முடிந்த மறுநாள் பூச்செடி முதலாளி வீட்டுக்குப் போய்விடும். மற்ற நாளில் லைன் ஓட வேண்டாமா?

கையில் தேதி எழுதிய சீட்டு இருந்தால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் என்ன சொல்லும்? நிறைய நாள் இருக்கிறது என்று சொல்லும்.

பதினோரு நாள் ஒழுங்காக மாத்திரை போட்டேன். பன்னிரண்டாம் நாள் பால் பாக்கெட் சீக்கிரம் வந்துவிட்டது. உங்கள் அம்மா டீ போட்டுவிட்டாள். இஞ்சி தட்டிப் போட்ட டீயை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் முனிவனாக இருக்க வேண்டும். குடித்துவிட்டேன். குடித்த பிறகு போட்டால் மாத்திரை சரியாகச் சேராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேராத மாத்திரையை எதற்கு வீணாக்குவது என்று நாளைக்குத் தள்ளினேன். நாளைக்கும் பால் வந்தது.

உங்கள் அம்மா அட்டையைப் பார்ப்பாள் என்று தெரியும். அதனால் தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுத்து, காலர் வைத்த டீசர்ட்டோடு உபரிப் பட்டன் போட்டுக் கொடுக்கும் சின்னக் கவர் இருக்கிறதே, அதற்குள் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தூக்கி எறிய மனசு வரவில்லை. ஆடிட்டுக்கு ஆகும்.

தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வேலையில் இறங்கினேன். விடிகாலையில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல். மொட்டை மாடியில் நாற்பது சுற்று. சாயங்காலம் வெள்ளரிக்காய். கடைசி மூன்று நாள் நான் சாப்பிட்டதை ஒரு டிபன் டப்பா மூடியில் வைத்துவிடலாம். பெரியவளே, "அப்பா திருந்திட்டாரும்மா" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. உங்கள் அம்மா எனக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை அவித்து வைத்தாள். அவள் அப்படி வைத்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான். ரிப்போர்ட்டை முதலாளி மேஜையில் வைத்து, அவர் பார்த்து, "பரவால்லீங்களே" என்று சொல்வதை நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலையில வெறும் வயித்துச் சக்கரை அருமையா இருக்குதுங்க."

"நன்றிங்க."

"மூணு மாசத்துச் சராசரின்னு இன்னொண்ணு எடுத்திருக்கோம். அது மோசமா இருக்குது."

நான் அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"தைராய்டுலயும் அதே மாதிரி. மாத்திரையில இருக்கற சரக்கு ரத்தத்துல அழகா இருக்குது. ஆனா மேனேஜர் கத்தறது மட்டும் கொறையல. பதினெட்டு இருந்தது பதினாறு. ஏனுங்க அப்படி?"

"தெரியிலீங்களே மேடம்."

"எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் இப்பத்தான் வேலைக்கு வந்திருக்காரு. மேனேஜருக்கு இன்னும் நம்பிக்க வரல. அவரு அடங்க ஆறு வாரமாவது ஆகும். எத்தன நாளா மாத்திரை சாப்புடறீங்க?"

"மூணு மாசமா..."

"நாளக் கேட்டனுங்க."

"பதினஞ்சு நாளுங்க," என்றேன். முதல் பதினோரு நாளையும் சேர்த்துச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவள் பக்கத்துக் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலர்; அங்கேயும் ஆடிட் வரும். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏனுங்க, ஆடிட்டா?" என்றாள்.

நான் பைக்குள் கை விட்டு அந்தப் பட்டன் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், ஆடிட் அன்னிக்கு எங்க கம்பெனி பாத்ரூம்ல சோப்பு இருக்குமுங்க," என்றாள் டாக்டரிடம். "அடுத்த நாள் அந்தச் சோப்பு எங்க போகும்னு ஒருத்தருக்கும் தெரியாது. இவரு ஒடம்புக்குள்ளயே சோப்பு வச்சுட்டு வந்திருக்காரு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, சேர்த்து வைத்ததை மொத்தமாகப் போடும் எண்ணம் இருந்தால் இதயம் படபடத்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று எச்சரித்து, அந்தக் கவரை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று பேனாவை எடுத்தார். இன்னும் மூன்று மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். "உங்களுக்காக இல்லீங்க, இவங்களுக்காக," என்று உங்கள் அம்மாவைக் காட்டிச் சம்மதித்தார். அழுத்தத்துக்கு மட்டும் அன்றே ஒரு மாத்திரை எழுதிவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது உங்கள் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வேர்க்கடல அவிச்சு வச்சனே."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் முதலாளிக்கு ரிப்போர்ட் காட்ட வேண்டும். ஆடிட்டில் ஏதாவது குறை கண்டுபிடித்தால் நாங்கள் ஒரு படிவம் எழுதிக் கொடுப்போம். என்ன குறை, என்ன காரணம், எப்படித் திருத்துவோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து கட்டம். காரணம் என்ற கட்டத்தில் நான் இத்தனை வருஷமாக எழுதி வந்தது ஒரே வரிதான்: "பணியாளர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை." தீயணைக்கும் சிலிண்டர் காலியாக இருந்தாலும் அதுதான், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதுதான். அந்தப் படிவத்தில் ஒன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினேன்: "மாத்திரை சாப்பிடவில்லை. சாப்பிட்டதாக வீட்டில் பொய் சொன்னேன்."

உங்கள் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பேனாவை வாங்கி, நான் எழுதியிருந்த தேதியை அடித்துவிட்டு "சொல்லாமல்" என்று எழுதினாள்.

"இதென்ன புள்ள?"

"தேதி சொன்னாத்தான நீங்க சோடிப்பீங்க. சொல்லாம வர்ற ஆடிட்டும் இருக்குதல்ல? லேப்புல நான் பேசிக்கறன். ரெண்டு மாசத்துக்கு மேல என்னிக்கு வேணா வருவாங்க."

முதலாளி படிவத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"இந்தக் கட்டத்துல நெசத்த எழுதி நான் இப்பத்தானுங்க பாக்கறன்," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. "ஆனாலும் சேர் போட்டாச்சுங்க. இன்னிக்கே மேல போயிருங்க. ரிப்போர்ட் சுத்தமா வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

என் இடத்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக என்னிடம் செக்கிங் பார்த்த அம்மாவை நிறுத்தினார்கள். நான் படியேறும்போது அவர், "கவலப்படாதீய அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். படி இன்னும் உயரமாகத் தெரிந்தது.

ஸ்டோரில் நான் எப்படி இருந்தேன் என்பதை விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. லேபிள் எண்ணிக் கொடுத்தேன். கீழே சத்தம் கேட்கும். எதற்கு என்று தெரியாது. அதுதான் கஷ்டம். சத்தம் வரும் திசையில் காதை வைத்துக்கொண்டு பட்டன் எண்ணுவேன்.

காலை டீக்குத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் இஞ்சி வாசம் விடாது. அதனால் மாத்திரையை விழுங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். டீக்கடை இல்லாத தெருவாகப் பார்த்து நடந்தேன். திருப்பூரில் டீக்கடை இல்லாத தெருவைத் தேடுகிறவன் ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கும். சாயப்பட்டறைச் சுவர் ஓரமாகவே போய்த் திரும்பினால் சரியாக ஒரு மணி நேரம். நடை வேறு, மாத்திரை வேறு என்று இல்லாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உடம்புக்காக நடந்தேன் என்று நீங்கள் வெளியில் சொல்லிக்கொள்ளலாம். டீயை விட்டு ஓடினேன் என்பதுதான் உண்மை.

ஐந்து வாரம் போயிருக்கும். ஸ்டோரிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியபோது முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏம்புள்ள, இந்த பேன் ஓடுதா இல்லையா? புழுங்குது!"

உங்கள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். என் முதுகில் கையை வைத்துப் பார்த்தாள்.

"வேர்த்திருக்குதுங்க!" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. வேர்வைக்கு அழுத பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஆடிட் பயம் போகவில்லை. இரண்டு மாதம் தாண்டியதிலிருந்து தினமும் காலையில் கேட் சத்தம் கேட்டால் மூச்சை இழுத்து இடுப்பைச் சுருக்கிக்கொள்வேன். பால்காரர், பேப்பர்காரர், எல்லோரும் எனக்கு ஆடிட்டராகவே தெரிந்தார்கள். கடைசியில், ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீர் விருந்துக்குப் போய் வந்த மறுநாள் காலை, நடை முடிந்து வரும்போது வாசலில் லேப்பிலிருந்து வந்த ஒரு பெண் சின்னப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஆடிட்டர் வந்திருக்காங்க!" என்று உள்ளேயிருந்து குரல்.

"கண்ணு, நாளைக்கு வாயேன்," என்றேன் மெதுவாக. "நேத்து விருந்துல ரெண்டு ஒப்புட்டு உள்ள போயிருச்சு."

"தெரியுங்க. அம்மா அதச் சொல்லித்தான் இன்னிக்கே வரச் சொன்னாங்க. கைய நீட்டுங்க."

சின்னவனே, நான் கை நீட்டியதை நீ போட்டோ எடுத்து உறவுக்காரர்கள் குரூப்பில் போட்டாய். அதற்கு நூறு கும்பிடு வந்தது.

ரிப்போர்ட்டை டாக்டர் ஒரே தடவைதான் பார்த்தார். டி.எஸ்.எச். நாலுக்குக் கீழே வந்துவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. கூடக்கூடாத கொழுப்பு நிறைய இறங்கியிருந்தது. அழுத்தம் மாத்திரையில்தான் அடங்கியது, அது தொடரும். இடுப்பளவு எடுக்கும்போது நான் வாயைத் திறக்கவில்லை. தொண்ணூற்று ஒன்பது.

"மந்தமா இருந்த தைராய்டு சரியானதுல அது பங்குக்கு எறங்க வேண்டியது எறங்கீருச்சுங்க," என்றார் டாக்டர். "இன்னும் ஒம்போது சென்டிமீட்டர் இருக்குது. அது பூராவும் உங்களோடது. அதுக்கு மாத்திரை கெடையாது."

"இந்த மாத்திரை எத்தன நாளைக்குங்க?"

"தைராய்டு மாத்திரை எப்பவும்தானுங்க. அளவு வேணா கூடும் கொறையும். எப்ப வரோணும்னு ஊட்டுல கேட்டுக்கோங்க, நான் தேதி எழுதித் தர மாட்டன்."

முதலாளியிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். நல்லது எது, இன்னும் கெட்டது எது என்று அவர் கேட்கும் முன்னால் நானே இரண்டையும் சொன்னேன். ரிப்போர்ட்டை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"திங்கக்கிழம கீழ வந்துருங்க. ஆனா அந்தம்மா நல்லாப் பாக்கறாங்க, அவங்களையும் எடுக்க முடியாதுங்க. ரெண்டு டேபிள் அவங்களுக்கு, ரெண்டு டேபிள் உங்களுக்கு. சரக்கு வெளிய போறதுக்கு முன்னால கடைசியா ஒரு கண்ணு மட்டும் நாலு டேபிளுக்கும் நீங்க பாத்துருங்க. செரிதானுங்களா?"

நாலு டேபிள் வைத்திருந்தவனுக்கு இரண்டு. வலிக்கவில்லை என்றால் பொய். சரிங்க என்றேன். இரண்டாவது மாடியிலிருந்து ஒருவன் கீழே வந்திருக்கிறான், அது போதாதா.

திங்கட்கிழமை மத்தியானம், அந்த அம்மாவின் டேபிளிலிருந்து பாஸாகி வந்த கட்டு ஒன்றைப் பிரித்தேன். கருநீல டீசர்ட். முதல் பீஸ் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதை லைட்டுக்குக் கீழே விரித்தபோது, காலர் உடம்பைவிட ஒரு நூல் அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. காலர்த் துணியும் உடம்புத் துணியும் வேறு வேறு தொட்டியில் சாயம் ஏறியவை. இன்னொரு பீஸை எடுத்தேன், அதுவும் அப்படியே.

"இத யாருங்க பாஸ் பண்ணுனது?"

அந்த அம்மா வந்தார். பீஸை வாங்கி லைட்டுக்கு நேராகத் தூக்கினார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பினார்.

"ஏளா, அண்ணாச்சிக்கு மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டரு யாருன்னு கேட்டு வையி. அவுகள ஒரு நாளு இங்கன வந்து இம்புட்டு காலரையும் உக்காந்து பிரிக்கச் சொல்லணும்."

முப்பது பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த பீஸை எடுத்து விரித்தேன். அன்று மொத்தம் முப்பத்தெட்டு பீஸ் திரும்பிப் போனது.